ஏழாவது வேட்டி

மே 29, வியாழன்

துடிப்பு: காலைல பத்து, சாயங்காலம் பன்னெண்டு.

இந்த நோட்டு நர்சம்மா குடுத்தது. "சாப்பிட்டதும் இடது பக்கமாப் படுத்து, பிள்ளை எத்தனை தடவை துடிக்குதுன்னு எண்ணி எழுது கனி. மனசுல வேற ஏதாச்சும் தோணுச்சுன்னாலும் எழுது, பாரம் குறையும்"னு சொன்னா. சரி, எழுதுறேன். எனக்குத் தோணுறதெல்லாம் அவளைப் பத்திதான்.

முதல்ல, என்னைக் கனின்னு கூப்பிட அவ யாரு? என் பேரு ராஜகனி. கனின்னு கூப்பிடுறது எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். ஏப்ரல் மாசம் மாத்தலாகி எங்க தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வந்தா. வந்த மூணாம் நாளே கனியாம் கனி.

அவ பேரு தங்கபுஷ்பம். எங்க வீட்டுக்காரருக்குச் சொந்த அத்தை மக. ஒரு காலத்துல இவளைத்தான் அவருக்குக் கட்டி வைக்கிறதாப் பேச்சு. இவ நர்சுக்குப் படிக்கணும்னு போயிட்டா, நான் வந்தேன். இத்தனை வருசமா அவளும் கல்யாணம் பண்ணிக்கல. எஸ்டேட்டுல எத்தனையோ வீடு காலியாக் கெடக்கு, அவளுக்குக் குடுத்தது எங்க பக்கத்து வீடு. ஒட்டி ஒட்டி வரிசையாக் கட்டின லைன் வீட்டுல நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது, பரணுக்கு மேல ரெண்டு வீட்டுக்கும் ஒரே வெளிதான். அவ தும்முனா இங்க கேக்கும். அவ கருவாடு வறுத்தா எனக்குக் குமட்டும்.

வாரா வாரம் எண்ணிக்கையை மட்டும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்துக்கிறேன். நோட்டு அவ கைக்குப் போகாது.

ஜூன் 1, ஞாயிறு

துடிப்பு: பதினொண்ணு, பதினொண்ணு.

மழைச்சாமான் வாங்க டவுன் சந்தைக்குப் போனோம். ஜூன் பொறந்தா இந்த மலையில எல்லா வீட்டுலயும் இதே வேலைதான். மழை பிடிச்சா ஆகஸ்டு வரைக்கும் விடாது. ரோடு எப்ப சரியும், பாலம் எப்ப முங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நாலு வருசத்துக்கு முன்னாடி பத்தொம்பது நாள் ஒரு தீப்பெட்டிகூட மேல வரல. அந்தப் பத்தொம்பது நாளும் எங்க வீட்டு அடுப்பு ஒரு வேளை அணையல. லைன்ல பாதிப் பேரு என்கிட்டதான் வந்து உப்பும் பருப்பும் வாங்கிட்டுப் போனாங்க. இந்த விசயத்துல எனக்கு எஸ்டேட்டுல நல்ல பேரு.

புழுங்கலரிசி ரெண்டு மூட்டை, துவரம்பருப்பு, தட்டப்பயறு, நெத்திலிக் கருவாடு, சாளைக் கருவாடு, கல்லுப்பு, புளி, மிளகா வத்தல், மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய். அரிசிக்கு வேப்பிலை போட்டு டிரம்முல கொட்டி, தீப்பெட்டியெல்லாம் அந்த அரிசிக்குள்ளயே புதைச்சு வெச்சிருவேன். எத்தனை மழை பேஞ்சாலும் குச்சி நமுக்காது. இது நானாக் கண்டுபிடிச்ச வித்தை.

இந்த வருசம் அவரு எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்குறாரு. மெழுகுவர்த்தி ரெண்டு கட்டு, டார்ச் லைட்டு ரெண்டு. "புஷ்பத்துக்கு இந்த மழை பழக்கமில்ல கனி. ஒத்தையில இருக்கா"ங்கிறாரு. நான் கல்யாணமாகி வந்த வருசம் எனக்கு மட்டும் பழக்கமா? அட்டை கடிச்சு ரத்தம் நிக்காம நான் அழுதப்ப, "உப்பு வையி, விழுந்துரும்"னு சொல்லிட்டு ஃபேக்டரிக்குப் போன மனுசன்தானே இவரு!

வீட்டுக்கு வந்து சாமானை அடுக்குறேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவரு குரல் கேக்குது: "தீப்பெட்டியை அரிசிக்குள்ள புதைச்சு வையி புஷ்பம்." என் வித்தை! அதையும் கொண்டுபோய்க் குடுத்தாச்சு.

ஜூன் 4, புதன்

துடிப்பு: பத்து, ஒம்பது. இன்னைக்குக் கோவத்துல சரியா எண்ணல.

சாயங்காலம் நர்சம்மா வந்து உக்காந்தா. நான் காபி போட்டுக் குடுத்தேன், அந்த மரியாதையெல்லாம் நான் குறைக்கிறதில்ல. குடிச்சு முடிச்சிட்டு மெதுவா ஆரம்பிச்சா. "ஜூலை இருபதாம் தேதி உன்னைப் பொள்ளாச்சிக்கு, மச்சானோட அக்கா வீட்டுக்கு அனுப்பிருவோம். ஆனாலும் மழையை நம்ப முடியாது பாரு. ஒரு பையில பிள்ளைக்கு வேண்டியது நாலு துணி, சாமான்..."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ. "பிள்ளை சாமான் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. எந்திரிச்சு வெளிய போங்கக்கா"ன்னுட்டேன். அவ டம்ளரைக் கழுவிக் கவுத்தி வெச்சிட்டுப் போனா.

அவளுக்கு என்ன தெரியும்? முதல் பிள்ளை மூணாம் மாசத்துலயே போச்சு. ரெண்டாவது எட்டு மாசம் வரைக்கும் இருந்துச்சு. நான்தான் ஆசை தாங்காம ஆறாம் மாசமே தொட்டில் வாங்கினேன், மஞ்சக் குல்லா பின்னினேன், சின்னச் சின்னதாச் சட்டை தைச்சேன். பொறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு ஊரே சொல்லுச்சு, நான் கேக்கல. குல்லா போட்டுக்கத் தலை வரல. அந்தச் சாமானையெல்லாம் மூட்டை கட்டி அவரு எங்க கொண்டுபோய்ப் போட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல.

இந்தத் தடவை ஒரு நூல்கூட வாசப்படி தாண்டக் கூடாது. அவருகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன். இந்த வீட்டுல அரிசி இருக்கும், உப்பு இருக்கும். பிள்ளைச் சாமான் மட்டும் பிள்ளை வந்ததுக்கப்புறம்தான்.

ஜூன் 9, திங்கள்

துடிப்பு: பன்னெண்டு, பத்து.

ஞாயித்துக்கிழமை முழுக்க விறகு பொளந்தாரு. வைரம் பாய்ஞ்ச கட்டையெல்லாம் அவ வீட்டுப் பக்கம். புகையுற ஈரக்கட்டை எங்க பக்கம். கேட்டதுக்கு, "நமக்குத்தான் கேஸ் இருக்கே, புஷ்பத்துக்கு வெந்நி நிறைய வேணுமாம்"ங்கிறாரு. ஏன், அவளுக்கு இல்லையா? அவளுக்கு மட்டும் அண்டா அண்டாவா வெந்நி எதுக்கு? ஊரையே குளிப்பாட்டப் போறாளா?

அவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. வேர்வையைத் துடைச்சுக்கிட்டு அவரு நிமிந்தப்ப ஒரு சொம்பு மோர் குடுத்தா. குடுக்கிறதுல தப்பில்ல, அவ பாத்த பார்வைதான் தப்பு. ஒரு பொம்பளை பாக்கிறதை இன்னொரு பொம்பளைகிட்ட மறைக்க முடியாது. அவரு ஏதோ சொல்ல, ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் ஜன்னலை டமார்னு சாத்தினேன். அது காத்துன்னு நினைச்சிருப்பாங்க.

ஜூன் 13, வெள்ளி

துடிப்பு: பத்து, பத்து.

அவரு சட்டைப் பையில அஞ்சு பிளேடு இருக்கிற பாக்கெட்டு. புதுசு, பிரிக்கல. பொண்டாட்டி மாசமா இருக்கிறப்ப புருசன் சவரம் பண்ணக் கூடாதுன்னு அவரு தாடி வளக்கிறது எஸ்டேட்டுக்கே தெரியும். மேனேஜர்கூடக் கிண்டல் பண்ணிட்டாரு. அப்படியிருக்க பிளேடு எதுக்கு? முந்தாநாள் துவைக்கையில எடுத்து ஜன்னல்ல வெச்சேன். மறுநாள் காணோம். தாடி அப்படியேதான் இருக்கு.

ஜூன் 18, புதன்

இன்னைக்கு மூணு தடவை "புஷ்பம் சொன்னா"ன்னு சொன்னாரு. எனக்குத் துடிப்பு எண்ணவே மறந்துபோச்சு.

ஜூன் 24, செவ்வாய்

துடிப்பு: பதினொண்ணு, பன்னெண்டு. மழை பிடிச்சிருச்சு. நாலு நாளாச் சூரியனைப் பாக்கல.

டிரங்குப் பெட்டியில அவரு பழைய வேட்டி ஒம்பது இருந்துச்சு. நானே மடிச்சு வெச்சது. இப்ப மூணு இருக்கு. நல்லாத் துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன வேட்டியாப் பாத்து ஆறும் போயிருக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுக்குக் கட்டிக்கிட்டு வந்த அந்த அரக்குக் கரை வேட்டியும் அதுல ஒண்ணு.

"பழைய வேட்டியெல்லாம் எங்க?"ன்னு கேட்டேன். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "மிஷின் துடைக்க ஃபேக்டரிக்குக் கொண்டுபோனேன்"னாரு. கல்யாண வேட்டியில மிஷின் துடைக்கிற ஆளை நான் எங்கயும் பாத்ததில்ல. இந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, காது மடல் செவந்துபோகும். இன்னைக்குச் செவந்துச்சு.

ஜூலை 2, புதன்

துடிப்பு: ஒம்பது, பதினொண்ணு.

கண்டுபிடிச்சிட்டேன்.

அவ வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கு. டூட்டிக்குப் போனா பால் வாங்கி உள்ள வெக்கணும், அதுக்காக அவளே குடுத்தது. இன்னைக்குப் பாலோட உள்ள போனேன். அடுப்புக்கு மேல கயிறு கட்டி, வரிசையா வேட்டி காயுது. எங்க வீட்டுக்காரரு வேட்டி! வெந்நியில கொதிக்க வெச்சு அலசி, மஞ்சக்கறை இல்லாம வெள்ளை வெளேர்னு. நான் ஒம்பது வருசமாத் துவைச்சும் இப்படி வெளுத்ததில்ல. எண்ணினேன், ஏழு இருக்கு. காணாமப் போனது ஆறுதானே? ஏழாவதுக்கு மயில்கண் கரை. அதை நான் பாத்ததே இல்ல. அப்ப எனக்குத் தெரியாம வாங்கி இங்கயே கட்டிக்கிறாருன்னுதானே அர்த்தம்?

பாலை அடுப்பு மேடையில வெச்சிட்டு வந்துட்டேன். வெச்ச வேகத்துல அரைக் கிளாசு சிந்திப்போச்சு. துடைக்கல. அவளே துடைக்கட்டும்.

பிள்ளைக் காப்பகத்துல என்கூட வேலை பாக்குற எஸ்தரக்காகிட்ட மட்டும் சொன்னேன். "நேராக் கேட்டுரு ராஜகனி, மனசுல வெச்சுப் புழுங்காத"ன்னாங்க. நேராக் கேட்டா நாலு பொய் வரும். ஜூலை இருபது பொள்ளாச்சிக்குப் போறேன்ல, அவரு அக்கா முன்னாடி வேட்டியைப் போட்டு, "உங்க தம்பி லட்சணத்தைப் பாருங்க மதினி"ன்னு கேக்குறேன். அதுக்குச் சாட்சி வேணும்.

ஜூலை 7, திங்கள்

துடிப்பு: பத்து, பத்து.

எடுத்துட்டேன். ஏழையும்.

மடிச்சு, இஸ்திரி போட்டு, எவர்சில்வர் டிரம்முல வெச்சு மூடியிருந்தா. அதுக்கு அடியில ரப்பர் ஷீட்டு, டெட்டாலு, நூலுகண்டு, என்னென்னமோ டப்பா. ஆஸ்பத்திரிச் சாமான், எனக்கு எதுக்கு? வேட்டியை மட்டும் மார்போட அள்ளிக்கிட்டு வந்துட்டேன். என் புருசன் துணியை நான் எடுக்க யாரைக் கேக்கணும்?

மயில்கண் கரையைத் தனியா வேப்பிலை போட்டு, என் பட்டுச்சேலைக்கு அடியில பெட்டியில வெச்சுப் பூட்டியாச்சு. அதான் சாட்சி. மத்த ஆறும் பரண் மேல, மூட்டையா.

ஜூலை 8, செவ்வாய்

எல்லாம் காதால கேட்டேன். நான் தூங்குறேன்னு நினைச்சு அவரு அந்தப் பக்கம் போனாரு. சாயங்காலம் நாலு மணி, மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு.

அவ சொல்றா: "கனிக்குத் தெரிஞ்சிருச்சு மச்சான். எல்லாத்தையும் எடுத்துட்டா."

அவரு: "ஐயய்யோ. இப்ப என்ன பண்றது?"

அவ: "ஒண்ணும் கேக்காதீங்க. கேட்டா இன்னும் கலங்கிப்போவா. எங்கயாச்சும் பத்திரமாத்தான் வெச்சிருப்பா. அவளா வாய் திறக்கட்டும்."

எப்படித் தைரியம் பாரு! கையும் களவுமாப் பிடிபட்டும் எனக்காகப் பரிதாபப்படுறா. அந்த மனுசன் வந்து என் பக்கத்துல உக்காந்து காலைப் பிடிச்சு விட்டாரு. காலை இழுத்துக்கிட்டேன். துடிப்பு பன்னெண்டு. பிள்ளைக்கும் கோவம்போல.

ஜூலை 14, திங்கள்

மூணு நாளா விடாம ஊத்துது. பொள்ளாச்சி ரோட்டுல ரெண்டு இடத்துல மலை சரிஞ்சு கிடக்காம். பஸ்ஸு இல்ல. டவுனுக்குப் போற பாலத்து மேல முழங்கால் தண்ணி. ஜூலை இருபது போறதெல்லாம் இனிக் கனவுதான்னு எஸ்தரக்கா சொல்றாங்க. துடிப்பு: பத்து, ஒம்பது.

சாமான் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்தேன். இருக்கு. எதுலயும் குறையில்ல.

ஜூலை 19, சனி

துடிப்பு: ஒம்பது, ஒம்பது.

கூரை ஒழுகுது. சரியா என் அரிசி டிரம்முக்கு மேலயே. அவரு ஃபேக்டரியில மோட்டாருக்குள்ள தண்ணி போயிருச்சுன்னு போயிட்டாரு. நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்ல இருந்த வேட்டியை இழுத்தேன். ஏறக் கூடாதுதான், தெரியும். ரெண்டைக் கிழிச்சு ஓட்டுச் சந்துல திணிச்சேன். ஒண்ணைச் சுத்தி டிரம்முக்கு மேல கட்டினேன். ரெண்டை வாசல்ல சாக்குக்குப் பதிலாப் போட்டேன், சேத்துக்காலைத் துடைக்க. மிச்சம் இருந்த அரக்குக் கரையைக் கையில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் அதையும் கிழிச்சு மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி போட்டேன்.

கிழிக்கிறப்ப நல்லா இருந்துச்சு. பொய் சொல்வானேன், ரொம்ப நல்லா இருந்துச்சு.

அவரு வந்து வாசல்ல மிதிக்கப் போனவரு குனிஞ்சு பாத்தாரு. தாண்டி உள்ள வந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. அவ வெளுத்து வெச்ச வேட்டி பாழானா இவருக்கு அழுகை வருது!

ஜூலை 22, செவ்வாய்

கரண்டு போயி அஞ்சு நாளாச்சு. போன்ல சார்ஜ் இல்ல. லைன்ல ஆறு பேரு வந்து உப்பும் பருப்பும் வாங்கிட்டுப் போனாங்க. நர்சம்மா வரல. அவளுக்குத்தான் எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கே.

சுவரு வழியா அவ குரல் மட்டும் வந்துச்சு: "கனி, துடிப்பு எவ்வளவு?" பதில் சொல்லாம இருந்தேன். மறுபடி கேட்டா. "எட்டு"ன்னேன். அப்புறம், "இடது பக்கமாவே படு, தண்ணி நிறையக் குடி"ன்னா. அந்தக் குரல்ல ஒரு பயம் இருந்துச்சு. எனக்குப் பிடிக்கல.

ஜூலை 25, வெள்ளி

காலைல ஏழு. மத்தியானம் அஞ்சு. இடுப்பு வலிக்குது. ஸ்டூல்ல ஏறினதாலயா?

கடவுளே, இந்தத் தடவை நான் ஒண்ணும் வாங்கலையே. ஒரு நூல்கூட வாங்கலையே.

ஜூலை 26, சனி

எழுதுவது தங்கபுஷ்பம், எஸ்டேட் டிஸ்பென்சரி. தாய் எழுதும் நிலையில் இல்லை.

காலை 11.15-க்குப் பனிக்குடம் உடைந்தது. பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் அக்கரையில் நிற்கிறது. வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவெடுத்தேன். முந்தைய நாளின் துடிப்புக் கணக்கு வேண்டும் என்று நோட்டைக் கேட்டேன். தர மாட்டேன் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிடுங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வலிக்கு இடையிடையே முழுவதும் படித்தேன்.

மாலை 4.20-க்குப் பெண் குழந்தை. கழுத்தில் கொடி ஒரு சுற்று. எடுத்துவிட்டேன். அரை நிமிடம் அழவில்லை, பிறகு அழுதது. தாய்க்கு ரத்தப்போக்கு அதிகம் இல்லை. அரிசி நிறுக்கும் தொங்கு தராசில் துணியோடு 2 கிலோ 350.

நோட்டில் சில தவறுகள் இருக்கின்றன. திருத்திவிடுகிறேன். நல்ல விறகு என் பக்கம் வந்தது இன்றைய வெந்நீருக்காக. பிளேடு தொப்புள்கொடிக்காக. பிள்ளைச் சாமான் உன் வாசற்படி தாண்டக் கூடாது என்று நீ சொன்னதால் எல்லாம் என் வாசற்படிக்குள் வந்தது. உனக்குத் தெரிந்துவிட்டது, கோபத்தில் எடுத்து வைத்திருக்கிறாய் என்றுதான் நாங்கள் நினைத்தோம். புதுத் துணி பச்சைப்பிள்ளைக்கு உறுத்தும், பழைய வேட்டிதான் நல்லது. உன் புருசன் வேட்டி ஏழு இல்லை, ஆறு. மயில்கண் கரை எங்கள் அப்பாவுடையது. அவர் போன வருடம் இறந்தார். அவர் துணியில் அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

ஆறையும் பாழாக்கிவிட்டாய். ஏழாவதை வேப்பிலை போட்டுப் பூட்டி வைத்திருந்தாய். குழந்தை இப்போது அதில்தான் தூங்குகிறது.

ஜூன் 9-ஆம் தேதி பார்வையைப் பற்றி எழுதியிருப்பது தவறு இல்லை. அது பழைய கதை, அதற்கு இந்த நோட்டில் இடம் வேண்டாம். ஆனால் மச்சான் என்று கூப்பிடுவதை நிறுத்த மாட்டேன். அது முறை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எண்ண ஒண்ணுமில்ல. வெளிய வந்துட்டா. கையும் காலும் நிக்காமத் துடிக்குது, யாரால எண்ண முடியும்?

ரோட்டை ஒரு பக்கம் சரி பண்ணிட்டாங்களாம். நேத்து டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தோம். டாக்டரு பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பிரசவம் பாத்தது யாரு?"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு, "எங்க புஷ்பம்"னாரு. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா நான்தான் முந்திக்கிட்டு, "எங்க அக்கா"ன்னு சொல்லியிருக்கணும்னு வீட்டுக்கு வந்தப்புறம் தோணுச்சு.

அவ எழுதினதை எட்டு நாளா நூறு தடவை படிச்சிட்டேன். வெக்கத்துல செத்துப்போகலாம்போல இருக்கு. அன்னைக்கு வலியில நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? "என் புருசனைத்தான் எடுத்துக்கிட்ட, என் பிள்ளையையாவது குடுத்துரு"ன்னு கத்தினேனாம். அவ, "கனி, மூச்சை இழுத்து விடு, அப்புறம் திட்டு"ன்னாளாம். எஸ்தரக்காதான் சொன்னாங்க, அவங்கதான் விளக்கு பிடிச்சாங்க. அந்த விளக்குல எரிஞ்சது எங்க கல்யாண வேட்டித் திரி.

அந்த அரை நிமிசம் பிள்ளை அழல பாருங்க, அப்ப அவ முகத்தை நான் பாத்தேன். என் புருசனைப் பாத்த பார்வை இல்ல அது. எங்க அம்மா இருந்திருந்தா அப்படித்தான் பயந்திருப்பா.

முந்தாநாளே துவைச்சு வெளுக்க வெச்ச அந்த வேட்டியை, நேத்து சாயங்காலம் மடிச்சு எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். "உங்க அப்பா வேட்டிக்கா. ஒண்ணுதான் இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க."

அவ வாங்கல. "பிள்ளை மேல பட்ட முதல் துணியைத் திருப்பிக் குடுப்பாங்களா? நீயே வெச்சுக்க."

"அப்ப இந்தாங்க உங்க வீட்டுச் சாவி."

"பால் யாரு வெப்பா?"ன்னு கேட்டா. சாவியையும் வாங்கல.

சாவியைத் திரும்ப முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, "நான் எழுதினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கக்கா"ன்னேன். "பாதிக்கு மேல சிரிப்பு வந்துச்சு. ஊரையே குளிப்பாட்டப் போறாளாங்கிற இடத்துல நீ வலியில கத்துற, நான் சிரிக்கிறேன். எஸ்தரு பயந்துபோச்சு"ன்னா. அப்புறம், "மிச்சத்துக்குச் சிரிப்பு வரல"ன்னா. சரிக்கான்னு சொல்லிட்டு வந்தேன்.

அவரு இன்னைக்குக் காலைல தாடி எடுத்துட்டாரு. அந்தப் பாக்கெட்டுல மிச்சம் நாலு பிளேடு இருந்துச்சு. முகம் இளைச்சுச் சின்னப் பையன் மாதிரி ஆயிட்டாரு. "என்னைப் போய்ச் சந்தேகப்பட்டியே கனி"ன்னு இன்னும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டாத் தேவல. வாசல்ல கிடந்த ரெண்டு வேட்டியையும் துவைச்சு அவரே கொடியில போட்டிருக்காரு.

பிள்ளை விசயம் ஒண்ணு இருக்கு. அதை எழுதாட்டி என் மனசு ஆறாது. நான் எவ்வளவு ஆட்டினாலும் அழுகையை நிறுத்த மாட்டேங்குறா. அவரு பாட்டுப் பாடினாலும் நிறுத்துறதில்ல. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, "என்னடி கண்ணு, ஏன் அழுற?"ன்னு ஒரு குரல் குடுத்தா உடனே கப்சிப்புனு ஆயிருது. வயித்துக்குள்ள இருந்தப்பவே அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும்போல. இதுக்கு நான் எங்க போய் வயிறு எரியுறது?

இப்பவும் அழுறா. அவரு ஃபேக்டரிக்குப் போயிருக்காரு. மழை விட்டு நல்ல வெயில். பத்து நிமிசமா நானும் தூக்கிக்கிட்டு நடந்து பாத்துட்டேன், எனக்கே அழுகை வருது. சுவரைப் பாத்துக் கூப்பிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் பேசுங்க."